.308-ஆ, 6.5 கிரீட்மோரா, கையில் இருக்கும் .30-06-ஆ? மானுக்கும் ஆயிரம் கெஜத்துக்கும் ஒரே ரைஃபிள்

டிசம்பரில் டெக்ஸாஸ் போகிறீர்கள். அங்கே உங்கள் மச்சானிடம் .30-06 தோட்டா சுடும் ஒரு ரைஃபிள் இருக்கிறது. புதிதாக .308 வாங்குவதா, 6.5 கிரீட்மோர் வாங்குவதா என்று அவர் யோசிக்கிறார். மான் வேட்டைக்கும் ஆயிரம் கெஜம் டார்கெட்டுக்கும் ஒன்றே போதுமா, திரும்பி வந்து மதுரையிலும் அதே தோட்டாவில் லைசென்ஸ் போட்டு ரைஃபிள் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் "எது பவர் அதிகம்?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் உண்டு: மூன்றில் .30-06 தான். ஆனால் அது உங்களுக்கு எதையும் தீர்த்துவைக்காது. மான், டார்கெட் இரண்டுக்கும் தேவை வேறு வேறு. அதைப் பிரித்துப் பார்த்தால் முடிவு தானாக வந்துவிடும். போட்டிக்குச் சுடுபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பழக்கத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் மூன்று தோட்டாவையும் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அடிப்பாகம் மூன்றுக்கும் ஒரே அளவு, சுமார் 12 மி.மீ. அதனால் அதைப் பிடிக்கும் போல்ட்டின் (பின்னாலிருந்து அறையை மூடும் உருளை) முகம் மூன்றுக்கும் பொதுவானது. வித்தியாசமெல்லாம் அதற்கு மேலேதான். .30-06-இன் கேஸ், அதாவது மருந்து இருக்கும் பித்தளைக் கூடு, 63 மி.மீ. நீளம், 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது. .308 அதே தடிமன் குண்டு, கேஸ் மட்டும் 51 மி.மீ.; வின்செஸ்டர் கம்பெனி 1952-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 6.5 கிரீட்மோரை ஹார்னடி கம்பெனி 2007-இல் டார்கெட்காரர்களுக்கென்றே செய்தது. அதன் கேஸ் 49 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, தோள்பட்டை 30 டிகிரி சரிவு. கேஸைக் குட்டையாக வைத்ததால் நீளமான, ஒல்லியான குண்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றாலும் மேகஸினுக்குள் அடங்கும். .308-உம் கிரீட்மோரும் போல்ட் குறைந்த தூரம் ஓடும் ஷார்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் போகும்; .30-06-க்கு லாங் ஆக்‌ஷன் வேண்டும்.

இனி மான். டெக்ஸாஸில் நீங்கள் பெரும்பாலும் சுடப்போவது வெள்ளைவால் மான். அதன் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தை 8 அங்குல வட்டம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 200 கெஜத்துக்கு ஜீரோ செய்த, அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த, 6.5 கிரீட்மோர் 140 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு, 100 கெஜத்தில் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் அங்குலம் மேலே போகும். 250-இல் மூன்றரை அங்குலம் கீழே, 300-இல் ஏழரை முதல் எட்டு அங்குலம் கீழே. .308-இல் 168 கிரெய்ன், .30-06-இல் 180 கிரெய்ன் எடுத்தாலும் இந்தத் தூரத்தில் கணக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் பெரிதாக மாறாது. மணிக்கு 10 மைல், அதாவது 16 கி.மீ. வேகப் பக்கக்காற்றில் 300 கெஜத்தில் கிரீட்மோர் குண்டு ஐந்தரை அங்குலம் ஒதுங்கினால் .308 ஏழு, .30-06 ஏழரை ஒதுங்கும். ஆக, 300 கெஜத்துக்குள் மூன்றும் ஒன்றுதான் என்று நிச்சயமாகச் சொல்லலாம். அதற்குள் சுட்டுத் தவறினால் தோட்டாவின் பெயரைக் குறை சொல்ல வழியில்லை.

வேட்டையில் தோட்டாவின் பெயரைவிடப் பெரிய விஷயம் அதன் நுனியில் உட்கார்ந்திருக்கும் குண்டு. பெட்டியில் மேட்ச் என்று போட்டிருந்தால் அது காகிதத்தில் ஓட்டை போடுவதற்குச் செய்தது. மெல்லிய தோல், துல்லியமான எடை, அவ்வளவுதான். உடம்புக்குள் போனால் சில நேரம் ஊசிபோல் ஊடுருவி வெளியேறிவிடும், சில நேரம் எலும்பில் பட்டு மேலோட்டமாகச் சிதறிவிடும். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததுதான் அதன் கெடுதல். வேட்டைக் குண்டு உள்ளே போய்க் காளான்போல் விரிய வேண்டும், விரிந்த பிறகும் எடை குறையாமல் ஆழமாகப் போக வேண்டும். விரிவதற்கு ஒரு குறைந்தபட்ச வேகம் தேவை. ஈயக்கரு உள்ள பெரும்பாலான குண்டுகளுக்கு அது நொடிக்கு 1,800 அடி அளவில் இருக்கும். முழுச் செம்புக் குண்டு பலவற்றுக்கு 2,000 அடி பக்கத்தில். சரியான எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தன் குண்டுக்குப் போட்டிருக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சுடப்போகும் தூரத்தில் உங்கள் குண்டின் வேகம் அந்த எண்ணுக்குக் கீழே போய்விட்டால், குறி எவ்வளவு சரியாக இருந்தாலும் மானுக்கு அது காயம் மட்டுமே.

இதே இடத்தில் "மானுக்கு ஆயிரம் அடி-பவுண்டு சக்தி வேண்டும்" என்று ஒரு விதி எல்லா இடத்திலும் ஓடுகிறது. இது வழக்கமாக வந்த ஒரு சௌகரிய எண், அளந்து நிரூபித்த எல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குழல் வாயில் கிரீட்மோர் 140 கிரெய்ன் 2,280 அடி-பவுண்டு, .308 168 கிரெய்ன் 2,720, .30-06 180 கிரெய்ன் 2,910. காகிதத்தில் பெரிய இடைவெளியாகத் தெரியும். ஆனால் மான் விழுவது நுரையீரலில் விழுந்த ஓட்டையின் அகலத்தாலும் ஆழத்தாலும். கிரீட்மோர் குண்டு தன் தடிமனுக்கு நீளம் அதிகமானது, அதனால் சக்தி எண் குறைவாக இருந்தாலும் ஆழமாகவே போகும். எல்க் அளவுக்குப் பெரிய விலங்குக்கு 6.5 போதுமா என்பதில் மட்டும் அனுபவசாலிகளிடையே நேர்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. கட்டுறுதியான குண்டும் குறைந்த தூரமும் இருந்தால் போதும் என்பவர்களும் உண்டு, தவறு நேர்ந்தால் தாங்காது என்பவர்களும் உண்டு. வெள்ளைவால் மானுக்கு அந்தச் சண்டையே தேவையில்லை.

மச்சான் தெற்கு டெக்ஸாஸ் பண்ணைக்குக் கூட்டிப்போனால் கதை கொஞ்சம் மாறும். அங்கே நம் வட இந்திய நீலகாயே சுற்றித் திரிகிறது. 1920, 30களில் கொண்டுபோய் விட்டது, பெருகிவிட்டது. வளர்ந்த ஆண் 250 கிலோவைத் தாண்டலாம், தோல் தடிப்பு, உயிர் உறுதி. அதற்கு .30-06-இல் 180 கிரெய்ன் கட்டுறுதிக் குண்டையே நான் அடிமட்டமாக வைப்பேன்; உள்ளூர்க்காரர்கள் .300 வின்செஸ்டர் மேக்னம் என்பார்கள், நியாயம்தான். மலைப்பாங்கான ஹில் கன்ட்ரி பக்கம் நம் புள்ளிமானும் வெளிமானும் இருக்கின்றன. இங்கே தொட்டால் ஜெயில், அங்கே அயல் இனம் என்பதால் வருடம் முழுக்கச் சுடலாம். புள்ளிமானுக்கு மூன்று தோட்டாவில் எதுவும் போதும்.

ஆயிரம் கெஜம் என்றால் ஆட்டமே வேறு. இறக்கத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். கிரீட்மோருக்கு ஏறக்குறைய 9 மில் (ஸ்கோப்பைத் திருகும் கோண அளவு), .308 175 கிரெய்னுக்கு 12 மில் அளவில் ஸ்கோப்பை ஏற்ற வேண்டும். தூரம் தெரிந்தால் இறக்கம் மாறாத கணக்கு, திருகினால் தீர்ந்தது. தீராதது காற்று. மணிக்கு 10 மைல் பக்கக்காற்றில் ஆயிரம் கெஜத்தில் கிரீட்மோர் 140 கிரெய்ன் சுமார் 75 அங்குலம் ஒதுங்கும், .308 175 கிரெய்ன் 105 அங்குலத்துக்கும் மேல். ஆண்டிப்பட்டிக் கணவாயில் ஆடி மாதம் நின்றவருக்குத் தெரியும், காற்று ஒரே வேகத்தில் அடிப்பதில்லை. தூக்கி அடிக்கும், அடங்கும், திரும்ப வேறு பக்கம் தள்ளும். நல்ல ஷூட்டரே காற்றை மணிக்கு 2 மைல் தப்பாகக் கணிப்பது சகஜம். அந்த ஒரு தப்பில் கிரீட்மோர் 15 அங்குலம் விலகும், .308 21 அங்குலம் விலகும். அமெரிக்கப் போட்டிகளின் நெடுந்தூர டார்கெட்டில் பத்து வட்டம் 20 அங்குல விட்டம், ஒன்பது 30, எட்டு 44. ஒரே தப்புக்கு ஒருவர் ஒன்பதின் விளிம்பில் தப்பிப்பார், இன்னொருவர் எட்டின் விளிம்புக்குப் போய்விடுவார். கிரீட்மோரைப் பற்றிய பேச்செல்லாம் கடைசியில் இந்த ஆறு அங்குலத்தைப் பற்றியதுதான்.

.308-க்கு இன்னொரு தொல்லை உண்டு. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,125 அடி. குண்டு அந்த வேகத்துக்கு இறங்கும்போது தள்ளாடத் தொடங்கும். பழைய 168 கிரெய்ன் மேட்ச் குண்டு, பின்பக்கச் சரிவு செங்குத்தாக இருப்பதால், ஆயிரம் கெஜம் போய்ச் சேரும் முன்பே தடுமாறிப் பேர் கெடுத்துக்கொண்டது. அந்தத் தூரத்துக்கு 175 கிரெய்ன் வந்ததே இதனால்தான். அதுவும் ஆயிரம் கெஜத்தில் எல்லைக்கோட்டை ஒட்டியே வந்து சேரும். கிரீட்மோர் அங்கே இன்னும் 1,400 அடி வேகத்தில் இருக்கும். சரி, அவ்வளவு வேகம் இருக்கிறதே, மானையும் ஆயிரத்தில் சுடலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். விரிவதற்கு வேண்டிய வேகம் அதில் இல்லை. குண்டு போய்ச் சேர ஒன்றரை நொடி ஆகும், அதற்குள் மான் ஓர் அடி எடுத்துவைத்தால் குண்டு வயிற்றில் விழும். மானுக்கு உங்கள் எல்லை எது என்பதைத் தோட்டா முடிவு செய்யாது. உட்கார்ந்தோ குச்சியில் சாய்த்தோ, மூச்சு வாங்கும்போது, ஐந்து குண்டையும் 8 அங்குலத் தட்டுக்குள் போட முடிகிற தூரம்தான் எல்லை. புதியவருக்கு அது பெரும்பாலும் 150, 200 கெஜத்தில் நின்றுவிடும்.

சுடும்போது தோளில் விழும் உதை பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பதே அதுதான். 8 பவுண்டு ரைஃபிளில் கிரீட்மோர் சுமார் 13 அடி-பவுண்டு உதைக்கும், .308 17, .30-06 20, .300 மேக்னம் 27 பக்கம். 13-க்கும் 20-க்கும் நடுவில் என்ன ஆகிறது என்றால், ஆள் இருபது குண்டு சுட்டதும் அடுத்த உதையை எதிர்பார்த்துத் தோளை முன்னால் தள்ளுகிறார், கண்ணை மூடுகிறார், ட்ரிகரைப் பிடித்து இழுக்கிறார். குண்டு தாழ்வாகப் போகிறது. அவர் ஸ்கோப்பைத் திருகுகிறார். இன்னும் கெடுகிறது. இதைக் கண்டுபிடிக்க, மச்சானை மேகஸினில் நடுநடுவே ஒரு டம்மி தோட்டாவைக் கலந்து போடச் சொல்லுங்கள். டம்மி வந்து வெறும் க்ளிக் சத்தம் கேட்கும்போது குழல் முனை குதித்தால் குற்றம் உங்கள் தோளில். உதை குறைந்த தோட்டாவில் இந்தப் பழக்கம் ஒட்டுவதற்கு முன் அதிகம் சுடலாம், அதிகம் சுட்டால்தான் கை வரும்.

பேரல் ஆயுளில் .308 முன்னால் நிற்கிறது. கிரீட்மோர் பேரல் 2,000 முதல் 3,000 குண்டு வரை போட்டித் துல்லியம் தரும் என்பார்கள், .308 ஐயாயிரத்தைத் தாண்டும். வேகமாக அடுத்தடுத்துச் சுட்டுச் சூடேற்றினால் எந்தப் பேரலும் சீக்கிரம் போகும் என்பதால் இந்த எண்களைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 200 குண்டு சுடுபவர் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆக, என் முடிவு: மானுக்கு மச்சானின் .30-06 போதும், புதிதாக எதுவும் வேண்டாம். அவர் எப்படியும் ஒன்று வாங்கத்தான் போகிறார், ஆயிரம் கெஜமும் ஆசை என்றால் 6.5 கிரீட்மோர். .30-06 வீட்டில் இருக்கும்போது .308 வாங்குவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை, இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. ஒரே ரைஃபிளில் இரண்டையும் செய்ய வேண்டுமானால் ஸ்கோப்போடு சேர்த்து 9 முதல் 10 பவுண்டு, 24 அங்குல பேரல், குழலின் உள் வரிகள் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் ட்விஸ்ட். காட்டில் தூக்கி நடக்கக் கொஞ்சம் கனம், டார்கெட்டுக்குக் கொஞ்சம் லேசு, ஆனால் சமாளிக்கலாம். ஸ்கோப்பை 20 எம்ஓஏ (இதுவும் கோண அளவுதான், ஒன்று 100 கெஜத்தில் சுமார் ஓர் அங்குலம்) சரிவுள்ள ரெயிலில் மாட்டச் சொல்லுங்கள். கிரீட்மோருக்கே ஆயிரத்துக்கு 31 எம்ஓஏ ஏற்ற வேண்டும். 60 எம்ஓஏ மொத்த ஓட்டம் உள்ள ஸ்கோப் சமதள ரெயிலில் மேலே 30-ஓடு நின்றுவிடும்.

ஜீரோ செய்யும் வரிசை இதுதான். போல்ட்டைக் கழற்றிப் பேரல் வழியாக டார்கெட்டைப் பார்த்து ஸ்கோப்பை அதோடு ஒத்துவையுங்கள். 25 கெஜத்தில் ஒரு குண்டு. ஒரு க்ளிக்குக்குக் கால் எம்ஓஏ நகரும் ஸ்கோப்பில் 25 கெஜத்தில் ஓர் அங்குலம் நகர்த்த 16 க்ளிக் வேண்டும். 100 கெஜத்துக் கணக்கை வைத்து 4 க்ளிக் திருகிவிட்டு "நகரவே இல்லை" என்று புலம்புபவர்கள் நிறையப் பேர். பிறகு 100 கெஜம், மூன்று மூன்றாகச் சுட்டு நடுவைப் பார்த்துத் திருகுங்கள். வேட்டைக்கு 200 கெஜ ஜீரோ வேண்டுமென்றால் 100-இல் ஒன்றேமுக்கால் அங்குலம் மேலே வைத்து, 200-இல் சுட்டு உறுதிசெய்யுங்கள். வேட்டைத் தோட்டாவும் மேட்ச் தோட்டாவும் ஒரே இடத்தில் விழும் என்று நம்பாதீர்கள். எடை ஒன்றாக இருந்தாலும் 100 கெஜத்திலேயே ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் மாறி விழலாம். இரண்டுக்கும் தனித்தனி ஜீரோ பார்த்து க்ளிக் வித்தியாசத்தை ரைஃபிள் தண்டில் டேப் ஒட்டி எழுதிவையுங்கள். எந்தத் தோட்டாவை அந்தப் பேரல் விரும்பும் என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. மூன்று கம்பெனிப் பெட்டி வாங்கிப் பத்துக் குண்டை ஒரே குறிக்குச் சுட்டு எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று குரூப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. மூன்று குண்டு குரூப் அதிர்ஷ்டத்தில் அழகாக வந்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் தோட்டாவை வைக்காதீர்கள். மருந்து சூடேறினால் அழுத்தமும் வேகமும் கூடும், குண்டு மேலே போகும். ஒரே மேசையில் இரண்டு வகைத் தோட்டா கிடப்பதும் வேண்டாம். அடிப்பாகம் ஒரே அளவு என்று சொன்னேன் அல்லவா, அதுவே ஆபத்து. தவறான தோட்டா அறைக்குள் போய்ப் போல்ட்டும் மூடிவிட்டால் கேஸ் வெடித்துக் கண்ணுக்கே வினையாகலாம். அடியில் பொறித்திருக்கும் எழுத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

சட்டம் இரண்டு பக்கமும் இருக்கிறது. விசிட்டர் விசாவில் போகும் வெளிநாட்டவர் அமெரிக்காவில் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே அந்நாட்டு மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. ஆகவே டார்கெட் சுடப்போனாலும் முதல் வேலை டெக்ஸாஸ் வெளிமாநிலத்தவர் வேட்டை லைசென்ஸ் எடுத்துச் சட்டைப்பையில் வைப்பது. 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும், அல்லது ஒரு முறை மட்டும் கிடைக்கும் தள்ளிவைப்புச் சலுகை வாங்கி லைசென்ஸ் உள்ள பெரியவர் கூடவே இருந்து சுட வேண்டும். ரைஃபிள் மச்சான் பெயரில், மச்சான் பணத்தில், மச்சானுக்காக வாங்கியதாக இருக்கட்டும். உங்கள் பணத்தில் உங்களுக்காக அவர் கையெழுத்துப் போட்டு வாங்கினால் அது தனிக் குற்றம்.

மதுரையில் அதே தோட்டா கிடைக்குமா என்றால், .308 கிடைக்காது. ராணுவத்தின் 7.62 தோட்டாவைச் சுடக்கூடிய ரைஃபிள் நம் ஆயுத விதிகளில் தடைசெய்யப்பட்ட 'போர்' (bore, குழல் விட்டம்) வகை. வெளிநாட்டு ரைஃபிள் இறக்குமதி சாதாரண லைசென்ஸ்தாரருக்கு இல்லை என்பதால் கிரீட்மோரும் நடைமுறையில் இல்லை. இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி செய்யும் .315-உம் .30-06-உம்தான் வழி. நம் பக்கத்துப் பழைய லைசென்ஸ் வீடுகளில் பார்க்கும் .315, 244 கிரெய்ன் கனமான குண்டை நொடிக்கு 2,000 அடி அளவில் தள்ளுவது. 150 கெஜத்துக்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு ஆயுதம்தான். லைசென்ஸ் வாங்கினாலும் வேட்டை கிடையாது, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதை மூடிவிட்டது. சிறுமலை அடிவாரத்தில் காட்டுப்பன்றி தோட்டத்தை உழுது போட்டாலும் வனத்துறைக்கு மனுக் கொடுக்கலாமே தவிர நாமாகச் சுட முடியாது.

போவதற்கு முன் இங்கேயே கை பழக்க வழி உண்டு. .177 ஏர் ரைஃபிள், குண்டின் சக்தி 20 ஜூலுக்கு உட்பட்டதாக இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. 10 மீட்டரில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. ட்ரிகரை அமுக்கும் விரல் கொஞ்சம் கோணினாலும் காட்டிக்கொடுத்துவிடும். ரைஃபிள் கிளப் உறுப்பினராகி .22-இல் 50 மீட்டர் சுட்டால் இன்னும் நல்லது. 10 மைல் பக்கக்காற்று .22 குண்டை 50 மீட்டரில் சுமார் ஓர் அங்குலம் தள்ளும், அந்த டார்கெட்டின் பத்து வட்டமோ 10.4 மி.மீ. தான். ஆயிரம் கெஜத்துக் காற்றுப் பாடத்தை மலிவாக அங்கேயே படித்துவிடலாம்.

திரும்பும்போது புள்ளிமான் கொம்பு, தோல் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். ஞாபகத்துக்கு என்று ஒரு தோட்டாகூட வேண்டாம், காலி கேஸும் வேண்டாம். ரேஞ்சுக்கு எடுத்துப்போன பையை ஊருக்குக் கொண்டுவரவே கொண்டுவராதீர்கள். கொண்டுவந்துதான் ஆக வேண்டும் என்றால் எல்லாப் பாக்கெட்டையும், ஜாக்கெட்டின் உள் பாக்கெட்டையும் வெளியே இழுத்துத் தட்டிப் பாருங்கள். மதுரை ஏர்போர்ட் ஸ்கேனரில் ஒரே ஒரு உயிர்த் தோட்டா தெரிந்தாலும் ஆயுதச் சட்ட வழக்குத்தான். தெரியாமல் இருந்தது என்று பிறகு கோர்ட்டில் தள்ளுபடி வாங்கியவர்கள் உண்டு, ஆனால் அதுவரை ஸ்டேஷனுக்கும் வக்கீல் வீட்டுக்கும் நடக்க வேண்டியது நீங்கள்தான்.